கரப்பானை அமுக்கினால் உள்ளே போய் இழுப்பாக மாறுமா?

உங்கள் நான்கு வயது மகனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கரப்பான், அதாவது எக்ஸிமா. தோல் மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். “வெளியே வருகிற நோயை மருந்து போட்டு அமுக்கினால் அது உள்ளே போய் இழுப்பாக மாறிவிடும்” என்று உங்கள் மாமியார் தடுக்கிறார். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்படியே நடந்ததை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே களிம்பைப் பூசலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது களிம்பைப் பற்றிய கேள்விதான். ஆனால் அதற்குள் இருப்பது மிகப் பழைய வேறொரு கேள்வி: தோல் என்பது உடம்பின் கழிவு வெளியேறும் வாசலா, அந்த வாசலை அடைத்தால் உள்ளே தங்கிய நோய் வேறோர் உறுப்பைப் பிடித்துக்கொள்ளுமா? அதற்குப் பதில் சொல்லாமல் ‘தாராளமாகப் பூசுங்கள்’ என்று மட்டும் நான் எழுதினால், நீங்கள் அரை மனதோடு நான்கு நாள் பூசிவிட்டு ஐந்தாம் நாள் டியூபை அலமாரியில் வைத்துவிடுவீர்கள். முப்பது ஆண்டுகளாகத் தோல் நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு அந்த அலமாரி டியூபுகள் நன்றாகப் பழக்கம்.

முதலில் உங்கள் மாமியாருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அவர் கண்ணால் கண்டது பொய்யல்ல. கரப்பான் வந்த குழந்தைகளில் கணிசமானவர்களுக்குப் பின்னால் இழுப்பு, அதாவது ஆஸ்துமா, வருகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்கிறார்கள். பெரும்பாலும் முதலில் கைக்குழந்தையின் கன்னத்தில் சிவந்து நீர் கசியும். இரண்டு வயதுக்குப் பிறகு அது கை கால் மடிப்புகளுக்கு இடம் மாறும். பள்ளிக்குப் போகிற வயதில் தோல் மெல்ல அடங்கத் தொடங்கும். அதே காலத்தில் சிலருக்கு இரவு இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும், வேறு சிலருக்குக் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மலும் ஆரம்பிக்கும். ஒன்று இறங்குகிறது, இன்னொன்று ஏறுகிறது. இடையில் எப்படியும் யாராவது ஒரு களிம்பைப் பூசியிருப்பார்கள். கரப்பான், பிறகு களிம்பு, பிறகு இழுப்பு என்ற இந்த வரிசையைப் பார்க்கிற எவருக்கும், களிம்புதான் நோயை உள்ளே தள்ளியது என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வரிசை உண்மை என்பதால் காரணமும் உண்மையாகிவிடாது. களிம்புதான் காரணம் என்றால், தோலில் நோய் நன்றாக அடக்கப்பட்ட குழந்தைகளுக்கு இழுப்பு அதிகமாகவும், அடங்காமல் கொதித்துக்கொண்டே இருந்த குழந்தைகளுக்குக் குறைவாகவும் வர வேண்டும். நடப்பது நேர்மாறானது: எந்தக் குழந்தைக்குக் கரப்பான் சீக்கிரம் தொடங்கிக் கடுமையாகவும் விடாமலும் இருக்கிறதோ, அந்தக் குழந்தைக்குத்தான் இழுப்பு வரும் வாய்ப்பு கூடுதல். ஸ்டீராய்டு களிம்பு என்ற ஒன்றே 1950களில்தான் உலகத்துக்கு வந்தது. கரப்பானும் இழுப்பும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து ஓடுவதை மருத்துவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த உறவின் வேர் எங்கே இருக்கிறது என்பதில் பெரிய வெளிச்சம் கிடைத்தது 2006இல். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அயர்லாந்து மருத்துவர்களோடு சேர்ந்து ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள பழுதுகளைக் கரப்பானோடு தொடர்புபடுத்தினார்கள். தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராகக் கொண்டால், செங்கற்கள் சரியாகப் படிந்து ஈரம் காக்க உதவுவது இந்தப் புரதம்; அது குறைந்தால் சுவரில் நீர் நிற்காது, வெளியே இருப்பதும் தடையில்லாமல் நுழையும். இப்படிப்பட்டவர்களின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் வழக்கத்தைவிட நிறையக் கோடுகள் ஆழமாகத் தெரியும். சோதிடர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது, நான் வறண்ட தோல் என்று குறித்துக்கொள்வேன். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஃபிலாக்ரின் தோலில் இருக்கிறது, மூச்சுக்குழாயின் உட்படலத்தில் இல்லை. அப்படியிருந்தும் இந்தப் பழுது உள்ளவர்களுக்கு இழுப்பு வருகிறது. அதுவும் கரப்பான் வந்தவர்களுக்குத்தான் அந்த ஆபத்து கூடுகிறது. அதாவது தோலில் தொடங்கிய ஒன்று நுரையீரல் வரை போவது உண்மைதான். ஆனால் போகிற வழி உங்கள் மாமியார் நினைக்கிற வழி அல்ல. அடைத்த வாசலால் அல்ல, திறந்து கிடக்கிற வாசலால் வருகிற வினை அது.

வெடித்த தோல் வழியாகத் தூசி, உணவுத் துணுக்கு, பூச்சியின் கழிவு போன்றவை நுழையும்போது, உடம்பின் காவல் அணுக்கள் அவற்றை எதிரி என்று பதிவு செய்துகொள்கின்றன. அதே பொருளை வயிறு முதலில் சந்தித்திருந்தால் பெரும்பாலும் உணவு என்று ஏற்றுக்கொண்டிருக்கும். லண்டனில் கிடியன் லேக் என்ற குழந்தை மருத்துவர் இந்தக் கருத்தை முன்வைத்து, கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிறு வயதிலேயே வேர்க்கடலையை உண்ணக் கொடுத்து, மறு பிரிவுக்கு அறவே விலக்கிப் பார்த்தார். 2015இல் வெளியான முடிவின்படி, ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை விலக்கியவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கும், உண்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் இருந்தது. ஜப்பானில் இதன் மறுபக்கம் நடந்தது: கோதுமைப் புரதத்தை உடைத்துக் கலந்த ஒரு முகச் சோப்பைத் தேய்த்துவந்தவர்களில் 2000 பேருக்கு மேல், அதுவரை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோதுமையே ஒத்துக்கொள்ளாமல் போனது. நம் வீடுகளில் கரப்பான் குழந்தையின் உடம்பில் கடலை மாவும் பயத்தமாவும் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நான் நிறுத்தச் சொல்வதற்கு இதுதான் காரணம். நல்ல தோலில் தேய்ப்பது வேறு, வெடித்த தோலில் தேய்ப்பது வேறு.

அப்படியானால் கரப்பானை நன்றாக அடக்கினால் இழுப்பைத் தடுத்துவிடலாமா? இங்கேதான் நான் நிதானிக்க வேண்டியிருக்கிறது. தர்க்கம் ‘ஆம்’ என்கிறது. சோதனைகள் அவ்வளவு தாராளமாக ‘ஆம்’ என்று சொல்லவில்லை. பிரிட்டனில் ஏறத்தாழ 1,400 குழந்தைகளை வைத்து, பிறந்ததிலிருந்து ஓராண்டு நாள்தோறும் ஈரப்பசைக் களிம்பு பூசிப் பார்த்தார்கள்; 2020இல் வந்த முடிவு ஏமாற்றம்தான், கரப்பானே குறையவில்லை. ஜப்பானில் கரப்பான் வந்துவிட்ட கைக்குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு களிம்பை முனைப்பாகப் பூசி, வழக்கமான முறையோடு ஒப்பிட்டார்கள். 2023இல் வெளியானபடி, முட்டை ஒவ்வாமை நூற்றுக்கு 42 என்பதிலிருந்து 31 ஆகக் குறைந்தது, ஆனால் அந்தக் குழந்தைகளின் எடையும் உயரமும் சற்றுக் குறைந்திருந்தன. எனவே உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: கரப்பானை அடக்குவது இழுப்பை வரவழைப்பதில்லை, அடக்குவதால் உணவு ஒவ்வாமை ஓரளவு குறையலாம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, இழுப்பே வராது என்று சொல்ல இன்றுவரை ஆதாரம் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் களிம்பு பூசாமல் இருந்திருந்தாலும் இழுப்பு வந்திருக்கக்கூடும் என்பதே என் கணிப்பு.

இந்த ‘உள்ளே போய்விடும்’ என்ற பேச்சு நம் ஊர்ப் பாட்டிகளின் கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பாவின் மெத்தப் படித்த மருத்துவர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதைத்தான் நம்பினார்கள். அவர்களுடைய பெரிய உதாரணம் சொறி. கெட்ட ரத்தத்தின் கசிவு அது, மேலே மருந்து பூசி அடைத்தால் நெஞ்சு நோயும் பைத்தியமும் வரும் என்பது அன்றைய பாடம்; ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் 1828இல்கூட அடக்கப்பட்ட சொறியைத்தான் பெரும்பாலான நாள்பட்ட நோய்களுக்கு மூலமாகக் காட்டினார். இத்தனைக்கும் சொறிக்குக் காரணம் தோலில் வளை தோண்டி வாழும் ஒரு நுண்ணிய பூச்சி என்று இத்தாலியின் போனோமோ 1687லேயே படம் வரைந்து காட்டியிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1812இல் பாரிஸில் காலே என்ற மாணவர் அந்தப் பூச்சியைக் கண்டுபிடித்ததாகக் கொண்டாடப்பட்டார்; பிறகு பார்த்தால் அவர் வரைந்திருந்தது பாலாடைக்கட்டியில் ஊரும் பூச்சி. கடைசியில் 1834இல் ரெனூச்சி என்ற கார்சிகா தீவு மாணவர், பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் அனைவர் முன்னிலையிலும் ஒரு நோயாளியின் தோலிலிருந்து பூச்சியை ஊசி முனையில் எடுத்துக் காட்டினார். அந்த வித்தையை அவருக்குக் கற்றுத் தந்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். குழந்தைகளின் விரலிடுக்கிலிருந்து ஊசியால் பூச்சி எடுக்கிற அவருடைய ஊர்ப் பெண்கள். பாட்டி வைத்தியத்தை ஒட்டுமொத்தமாகத் தள்ளவும் எனக்கு மனம் வராது, ஒட்டுமொத்தமாகக் கொள்ளவும் மனம் வராது என்பதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

தோல் நோய் உண்மையிலேயே ‘உள்ளே இறங்குகிற’ ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் பதில் நேர்மையாக இராது. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு தாத்தா தன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஐந்து வயது இருக்கும். காலில் வட்ட வட்டமாகக் காய்ந்த சிரங்குத் தழும்புகள். கண் இரப்பைகள் பொம்மிப் போய்க் கண்ணே சரியாகத் திறக்கவில்லை. “சிரங்கு ஆறிடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம் டாக்டர், அது உள்ளே இறங்கிடுச்சு. மூத்திரம் கட்டங்காப்பி மாதிரி போகுது” என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. சீழ்ச் சிரங்கை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் சில வகைகளுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள், அந்தக் கிருமியின் துணுக்குகளோடு கூடிச் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்து அழற்சியை உண்டாக்கும். இதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும் என்பதால், முகம் வீங்குகிற நேரத்தில் சிரங்கு ஆறிக் காய்ந்திருக்கும். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் டிரினிடாட் தீவின் தென்பகுதியில் இது கொள்ளைநோயாகவே பரவியது. அடக்கியதால் வந்த நோயல்ல இது, கிருமி வந்துபோன சுவடு. சிரங்குக்கு உடனே மருந்து கொடுத்தால் அந்தக் கிருமி வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குப் பரவாமல் தடுக்கலாம். அந்தக் குழந்தையின் சிறுநீரகத்தை அது காப்பாற்றுமா என்பது இன்னும் தீராத விவாதம். நல்லவேளையாக, பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். அந்தப் பேத்தியும் தேறினாள். உங்கள் மகனின் கரப்பானில் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினாலோ, சீழ் கோத்தாலோ, அதைக் கரப்பானின் ஒரு பகுதி என்று விட்டுவிடாமல் காட்டச் சொல்வது இதனால்தான்.

உள்ளே இருக்கிற நோய் தோலில் முகம் காட்டுவதும் உண்டு. ஆனால் அது கழிவு வெளியேறுவதல்ல, கதவில் ஒட்டிய அறிவிப்பு போன்றது. பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். நார் கொண்டு தேய்த்தால் போகிற அழுக்கல்ல. விரல் கணுக்கள் மட்டும் கன்னங்கரேலென்று ஆனால் வைட்டமின் பி12 குறைவைத் தேட வேண்டும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பேக்கரும் அவர் குழுவினரும் 1963லேயே இதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள், மாநிறத் தோலில் நோயைப் படிக்கக் கற்றுக்கொடுத்த அரிய எழுத்துகளில் அதுவும் ஒன்று. தோலில் ஒரு பரு, ஒரு தடிப்புகூட இல்லாமல் வாரக்கணக்கில் உடம்பெல்லாம் அரித்தால் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச்சத்து ஆகியவற்றைப் பார்ப்போம். பெரியவர்களுக்கான இந்தப் பட்டியலை உங்கள் மகனுக்குப் பொருத்திப் பார்க்கத் தேவையில்லை. மடிப்புகளில் மட்டும் இருக்கிற சாதாரணக் கரப்பானுக்கு முழு உடல் பரிசோதனையும் வேண்டாம், ‘ரத்தத்தைச் சுத்தம் செய்கிற’ மருந்தும் வேண்டாம். ரத்தத்தைச் சுத்தம் செய்யக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அவை கெட்டால் எந்த லேகியமும் ஈடு கொடுக்காது.

இனிக் களிம்பு. அதைப் பற்றிய பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்று சொல்லமாட்டேன். பயப்பட வேண்டிய இடம் வேறு. ஒருமுறை ஒரு தாய், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வீரியமான குளோபெட்டசால் களிம்பை எட்டு மாதக் குழந்தையின் கன்னத்தில் இரண்டு மாதம் பூசிவிட்டு வந்தார். கன்னம் கண்ணாடித்தாள் போல மெலிந்து, மெல்லிய ரத்த நாளங்கள் வரிவரியாகத் தெரிந்தன. கைக்குழந்தைகளின் தோல் மருந்தை நிறைய உறிஞ்சிக்கொள்ளும். வீரியமானதை உடம்பெங்கும் பல வாரம் பூசினால் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். ஸ்டீராய்டு, கிருமிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி மூன்றையும் ஒன்றாகக் கலந்து விற்கிற டியூபுகளைக் கரப்பானுக்கு நான் எழுதுவதே இல்லை. படர்தாமரைக்கு அதைப் பூசியவர்களின் அவதியைத் தினமும் பார்க்கிறேன். அதேபோல ‘ஸ்டீராய்டே கிடையாது’ என்று சொல்லி, பெயர் ஒட்டாத டப்பாவில் வருகிற களிம்பு இரண்டே நாளில் அதிசயமாகக் குணம் தந்தால், அதில் இருப்பது என்ன என்று சந்தேகப்படுங்கள். ஆனால் ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மிதமான களிம்பை, நான்கு வயதுப் பிள்ளையின் மடிப்புகளில், மருத்துவர் சொன்ன நாள்வரை, சிவப்பும் தடிப்பும் அடங்கும்வரை பூசுவது இந்தக் கணக்கில் சேராது. நிறுத்தியதும் கரப்பான் திரும்பி வந்தால் அது மருந்தின் சதி அல்ல, நோயின் சுபாவம். தோலின் சுவர் பழுது அப்படியே இருக்கிறது, களிம்பு அணைத்தது எரிந்த நெருப்பை மட்டும். அந்தச் சுவருக்காகத்தான் ஈரப்பசைக் களிம்பைத் தோல் நன்றாக இருக்கிற நாள்களிலும் பூசச் சொல்கிறோம்.

கத்தரிக்காய், கருவாடு என்று ‘கரப்பான் பண்டங்களை’ வரிசையாக நிறுத்தியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒரு பொருளைத் தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்கினாலோ, தடிப்புத் தடிப்பாக எழும்பினாலோ, வாந்தி எடுத்தாலோ அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறும் சந்தேகத்தில் முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் விலக்கினால் கரப்பான் போவதில்லை, பிள்ளைதான் இளைக்கிறான். சாப்பிட்டுப் பழகிய பொருளை நீண்ட நாள் விலக்கிவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது புதிதாகக் கடும் ஒவ்வாமை வந்த குழந்தைகளும் உண்டு.

உங்கள் மகனை நான் நேரில் பார்க்கவில்லை. முழங்கை மடிப்பில் இருப்பது கரப்பான்தான் என்று உங்கள் மருத்துவர் சொன்னதை வைத்தே இவ்வளவும் எழுதினேன். வீட்டில் வேறு யாருக்காவது இரவில் அரிப்பு இருந்தால், குறிப்பாக விரலிடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் அரித்தால், அது சொறியாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு, வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். மகனுக்கு இரவில் தூக்கத்தைக் கலைக்கிற இருமலோ, ஓடி விளையாடும்போது மூச்சிரைப்போ இப்போதே இருந்தால், அதைக் களிம்பின் கணக்கில் எழுதாமல் குழந்தை மருத்துவரிடம் தனியாகக் காட்டுங்கள். இழுப்புக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. களிம்பின் அளவு பற்றிப் பலரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்: பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் கோடுவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவரின் இரண்டு கையளவுத் தோலுக்குப் போதும். உங்கள் மகனின் இரண்டு முழங்கை மடிப்பும் அதற்குள் அடங்கிவிடும். குளித்துத் துடைத்த கையோடு பூசுங்கள், மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே பூசுங்கள்.